சிக்னலில் நிற்கும் சிம்மக்குரலோன்

புதுச்சேரிக்காரனிடம் வழி கேட்டால் தியேட்டர்களை வைத்துத்தான் சொல்வான். அஜந்தா சிக்னலில் திரும்பு, ராஜா தியேட்டரைத் தாண்டு, முருகா தியேட்டர் பக்கம் போய் யாரையாவது கேள். அங்கே படம் ஓடுகிறதா, கட்டடமாவது இருக்கிறதா என்பதெல்லாம் வேறு விஷயம். அஜந்தா சிக்னலில் நின்றுகொண்டு அஜந்தா தியேட்டர் எங்கே என்று கேட்ட வெளியூர்க்காரரை ஆட்டோ ஸ்டாண்டில் எல்லாரும் பாவமாகப் பார்த்தார்கள். சிக்னல் இருக்கிறதே, அது போதாதா? நாலு பக்கமும் விளக்கு மாறுகிறது, கூட்டம் நிற்கிறது, ஹாரன் அடிக்கிறது. இடைவேளைக்கும் இதற்கும் ஒரே வித்தியாசம், முறுக்கு விற்பவர் இல்லை.

இந்த வழக்கப்படிதான் நடிகர் திலகத்தையும் நாங்கள் வழிகாட்டி ஆக்கிவிட்டோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கருவடிக்குப்பத்தில் அவருக்குச் சிலை வைத்த நாளிலிருந்து அந்த இடத்துக்குப் பெயர் 'சிவாஜி சிலை'. பஸ் அந்தப் பக்கம் நெருங்கும்போது கண்டக்டர் 'சிலை'யையும் விட்டுவிடுவார். "சிவாஜியெல்லாம் முன்னாடி வா!" என்பார். பிளாஸ்டிக் குடத்தோடு ஒரு சிவாஜி, பள்ளிக்கூடப் பையோடு இரண்டு சிவாஜி, லாஸ்பேட்டைக்கு நடக்க வேண்டிய ஒரு வயதான சிவாஜி என்று வரிசையாக இறங்குவார்கள். ஒன்பது வேடம் போட்டு 'நவராத்திரி'யில் நடித்தவர், இதைப் பார்த்திருந்தால் எண்ணிக்கை போதாது என்று நினைத்திருப்பார்.

அவரை நாங்கள் சொந்தம் கொண்டாடுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. வி.சி. கணேசன் என்ற பெயரில் 'வி' விழுப்புரம், 'சி' அப்பா சின்னையா. விழுப்புரம் இங்கிருந்து 40 கிலோமீட்டர். 1879இலேயே ரயில் போட்டுவிட்டார்கள். அந்த நாளில் எங்கள் ஊர்க்காரர்கள் விழுப்புரத்தை ஒரு ஊராகவே நினைத்ததில்லை. ரயில் மாறுகிற இடம், அவ்வளவுதான். சிவாஜி அங்கே பிறந்தார் என்று தெரிந்ததும்தான் அது பக்கத்து ஊர் ஆனது. "நம்ம பக்கத்துப் பையன்" என்று என் சித்தப்பா உரிமையோடு சொல்வார். அந்தப் பையன் சித்தப்பாவைவிடச் சில வயது மூத்தவர்.

சித்தப்பா ஏஎஃப்டி மில்லில் வேலை பார்த்தார். ஊரில் அதை ரோடியர் மில் என்றும் சொல்வோம். ஷிப்ட் மாற்றிக் கொடுப்பதற்காக அவர் சக தொழிலாளிகளுக்கு வாங்கிக் கொடுத்த டீ, அவர் பார்த்த சிவாஜி படங்களின் டிக்கெட்டைவிட அதிகச் செலவு. முதல் நாள் முதல் காட்சி தரை டிக்கெட். பிறகு பெஞ்சு. மூன்றாவது வாரம் குடும்பத்தோடு நாற்காலி. ஒரே படத்தை மூன்று உயரத்திலிருந்து பார்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை. கீழேயிருந்து பார்த்தால் குரல், நடுவிலிருந்து பார்த்தால் நடை, மேலேயிருந்து பார்த்தால் முகம் என்று விளக்கம் வேறு சொல்வார். இப்போது திரைப்படம் பற்றி எழுதுகிறவர்கள் இதைவிடச் சுமாரான விளக்கத்தோடு புத்தகம் போடுகிறார்கள்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களுக்கு இந்த ஊரில் அதுதான் பெயர். இந்தோசீனாவில் பணி, சைகோனில் சில வருஷம், சுவரில் கண்ணாடி போட்ட சட்டத்தில் மெடல்கள், மாதம் பிறந்தால் பிராங்கில் பணம். சித்தப்பாவுக்கும் அவருக்கும் எல்லாவற்றிலும் தகராறு. சிவாஜி படம் பார்க்க மட்டும் சேர்ந்து போவார்கள்.

'வீரபாண்டிய கட்டபொம்மன்' 1959இல் வந்தது. அந்த வருஷம் புதுச்சேரி இருந்த நிலைமையை வெளியூர்க்காரர்களுக்கு விளக்குவது கொஞ்சம் சிரமம். 1954 நவம்பர் 1 அன்றே இந்திய அதிகாரிகள் வந்து பொறுப்பேற்றுவிட்டார்கள். ஆனால் பாரிஸில் ஒப்புதல் ஆகி முறைப்படி கைமாறியது 1962 ஆகஸ்ட் 16இல். இடைப்பட்ட எட்டு வருஷமும் ஆள்வது இந்தியா, சட்டப்படி மண் பிரான்சுக்கு. அந்த மண்ணில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் வெள்ளைக்கார துரையைப் பார்த்துக் கப்பம் கட்ட முடியாது என்று கர்ஜிப்பதைச் சொல்தா தாத்தா பார்த்தார். பார்த்ததோடு நிற்கவில்லை, எழுந்து நின்று கைதட்டியிருக்கிறார். சித்தப்பாவுக்கு ஒரே ஆச்சரியம். "என்னா அண்ணே, உங்க ஆளுங்களைத் திட்டுறாரு, நீங்க கை தட்டுறீங்க?" என்று கேட்டாராம்.

"தம்பி, அவன் திட்டறது இங்கிலீஷ்காரனை. அதுக்கும் நமக்கும் என்னா? நம்ம கவர்னர் துய்ப்ளேக்ஸால முடியாததை இவன் செய்யறான், நீயும் தட்டு."

வரலாற்றுப் பேராசிரியர்கள் பல பக்கம் எழுதியும் சொல்ல முடியாத புதுச்சேரியின் மனசு அந்த ஒரு பதிலில் இருக்கிறது. விடுதலைப் போராட்டத்தை நாங்கள் கொண்டாடுவோம்; யாரிடமிருந்து என்பதில் மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுப்போம்.

கட்டபொம்மன் திரைக்கு வருமுன் நாடகமாக வந்தது. 1957இல் சேலத்தில் அரங்கேறியது. அதற்கும் முன்னால், சிறுவனாக இருந்தபோது கம்பளத்தார் ஆடிய கட்டபொம்மன் கூத்தைப் பார்த்துத்தான் கணேசனுக்கு நடிப்புப் பைத்தியம் பிடித்தது. பிறகு திருச்சியில் யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் நாடகக் கம்பெனி. வீட்டில் விட மாட்டார்கள் என்பதால், தான் ஓர் அனாதை என்று சொல்லிச் சேர்ந்தார். முதலில் கிடைத்தது சீதை வேடம். இப்படிச் சிறுவர்களை வைத்து நடத்தும் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தால் சோறு உண்டு, பாடம் உண்டு, பாடத்தைவிட அடி உண்டு. அம்மா அப்பா முகம் பார்க்க வருஷக் கணக்காகும். இன்றைக்கு நடிப்புப் பயிற்சி வகுப்பில் சேரும் பிள்ளைகள் முதலில் எடுப்பது புகைப்பட ஆல்பம். அன்றைக்கு முதலில் எடுத்தது வாத்தியாரின் பிரம்பு. எது நல்லது என்று என்னைக் கேட்காதீர்கள். பிரம்பால் வந்தவர்களில் நமக்குத் தெரிந்த பெயர்கள் நாலைந்து, காணாமல் போனவர்கள் எத்தனையோ. 'பிரம்படியில் வளர்ந்த தலைமுறை' என்று மேடையில் பெருமையாகப் பேசுகிறவர்கள் அந்தக் காணாமல் போனவர்களிடம் போய் ஒரு தடவை பேசிப் பார்க்கலாம்.

கணேசன் சிவாஜி ஆனது அண்ணாவின் 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகத்தில். எம்.ஜி.ஆர். நடிப்பதாக இருந்து, நடக்காமல் போய், இவருக்கு வந்த வேடம். அண்ணாவே அதில் காகப்பட்டராக நடித்தார். நாடகத்தைப் பார்த்த பெரியார், "இனி நீ சிவாஜி" என்றார். ராஜாக்களைப் பிடிக்காத ஒருவர் கொடுத்த ராஜா பெயர், கடைசி வரை நிலைத்தது. திராவிட இயக்கம் கொடுத்த பெயரை வைத்துக்கொண்டு அவர் திருப்பதிக்குப் போனார், பிறகு காங்கிரசுக்குப் போனார். பெயரை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

1952 தீபாவளிக்கு 'பராசக்தி'. ஏவி.எம். ஸ்டுடியோவில் பல நாள் படமெடுத்த பிறகும், ஒல்லியாக இருக்கிறான், கே.ஆர். ராமசாமியைப் போட்டுவிடலாம் என்று பேச்சு. கூட்டுத் தயாரிப்பாளர் பி.ஏ. பெருமாள் மட்டும் ஒரே பிடியாக நின்றார். அதற்காக ஒவ்வொரு பொங்கலுக்கும் வேலூர் போய் அவருக்குப் புதுத்துணி கொடுத்து வணங்கி வருவதை சிவாஜி விடவில்லை. இந்தக் கதையை எங்கள் வீட்டில் பொங்கல்தோறும் சித்தப்பா சொல்வார். கேட்டுக்கொண்டிருக்கும் எங்களுக்குப் புதுத்துணி எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பது மட்டும் அவர் நினைவுக்கு வராது.

எங்கள் ஊரோடு சிவாஜிக்கு நடக்காமல் போன ஒரு சம்பந்தமும் உண்டு. பாவேந்தர் பாரதிதாசன் தம் 'பாண்டியன் பரிசு' காவியத்தைப் படமாக எடுக்கப் புறப்பட்டார். நாயகன் சிவாஜி. படக்கம்பெனி தொடங்கி, பெருமாள் கோயில் தெரு வீட்டை விட்டுச் சென்னைக்கே குடிபோனார். எழுபதை எட்டிய கவிஞர், சினிமாக் கணக்கு வழக்குத் தெரியாதவர். படம் எடுக்கப்படவே இல்லை. 1964 ஏப்ரல் 21 அன்று சென்னையிலேயே காலமானார். உடல்தான் புதுச்சேரிக்கு வந்தது. இன்றைக்கு அந்தத் தெரு வீடு அருங்காட்சியகம். பள்ளிப் பிள்ளைகளை வரிசையில் அழைத்துப் போய்க் காட்டுகிறார்கள். கவிஞரின் மூக்குக் கண்ணாடியை எல்லாரும் பார்க்கிறார்கள். அவர் கடைசிக் காலத்தில் எதற்காக ஊரை விட்டுப் போனார் என்பதைச் சொல்லிக்கொடுப்பவர் இருந்தால் அந்தப் பிள்ளைகளில் ஒருவனாவது சினிமாத் தயாரிப்பாளர் ஆகாமல் தப்பிப்பான்.

1970இல் 'வியட்நாம் வீடு' வந்தது. அதையும் முதலில் மேடையில் நடித்தார், அப்புறம்தான் படம். 'தங்கப்பதக்கம்' கூட அப்படித்தான், மேடை முடிந்து 1974இல் திரை. உச்சத்தில் இருந்த கதாநாயகன் ஒருவர் ராத்திரி மேடையேறி, பிசகினால் திரும்ப எடுக்க முடியாத வேலையைத் தானாகத் தேடிப் போனது அன்றைக்கே அபூர்வம். சித்தப்பா 'வியட்நாம் வீடு' நாடகத்தைச் சென்னைக்குப் போய்ப் பார்த்தார். படம் வந்தபோது சொல்தா தாத்தா முதல் ஆளாகக் கிளம்பினார். பெயரைக் கேட்டதுமே அவருக்குச் சைகோன் ஞாபகம். போர், ஆறு, படகு, பழைய சிநேகிதர்கள் எல்லாம் வரும் என்று உட்கார்ந்தவர் முன்னால் ஒரு பிராமணக் குடும்பம், ஓய்வுபெற்ற அதிகாரி, பிள்ளைகள் தகராறு. வியட்நாம் என்பது வீட்டுக்குள் நடக்கிற சண்டைக்கு வைத்த பெயர். இடைவேளையில் சித்தப்பாவைப் பிடித்துத் திட்டினார். இடைவேளைக்குப் பிறகு பேச்சு இல்லை. படம் விட்டதும் வேட்டி நுனியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சைகோன் தேவலை" என்றார். ரிட்டயரான ஒருவரின் வீட்டைப் பற்றி நான் கேட்ட விமர்சனங்களில் இதைத் தாண்டியது ஒன்றும் இல்லை.

அரசியலில் சித்தப்பாவுக்குப் பட்ட காயம் இந்த ஊராலேயே பட்டது. எம்.ஜி.ஆரின் அ.தி.மு.க. முதன்முதலாக ஆட்சி அமைத்தது தமிழ்நாட்டில் இல்லை, புதுச்சேரியில். 1974 மார்ச் தொடக்கத்தில். மாதம் முடிவதற்குள் கவிழ்ந்துவிட்டது. ஆனாலும் எம்.ஜி.ஆர். ரசிகர்கள் அடித்த பட்டாசுச் சத்தம் சித்தப்பாவின் காதில் வருஷக் கணக்காகக் கேட்டது. 1988இல் சிவாஜி தனிக்கட்சி தொடங்கினார். மறு வருஷம் திருவையாற்றில் நின்று பத்தாயிரம் ஓட்டுக்கு மேல் தோற்றார். திரையில் கர்ணன், கட்டபொம்மன், ராஜராஜ சோழன் என்று எத்தனை அரசர்களாக முடிசூடியவர்! சோழ நாட்டிலேயே ஒரு தொகுதி கிடைக்கவில்லை. "அவருக்கு நடிக்கத் தெரியலடா அரசியல்ல" என்றார் சித்தப்பா. அரசியலைப் பற்றியும் சிவாஜியைப் பற்றியும் அவர் சொன்னதில் எனக்குப் பிடித்தது இதுதான்.

டில்லியும் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. 1960இல் கெய்ரோவில் ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் கட்டபொம்மனுக்காகச் சிறந்த நடிகர் என்றார்கள். 1962இல் அமெரிக்கா போனபோது நயாகரா நகரத்துக்கு ஒருநாள் கௌரவ மேயர் ஆக்கினார்கள். இங்கே சிறந்த நடிகருக்கான தேசிய விருது ஒரு தடவைகூட இல்லை. 'தேவர் மகன்' படத்துக்கு நடுவர் குழுவின் சிறப்புக் குறிப்பு என்று ஒன்று வந்தது, வேண்டாம் என்றுவிட்டார். தாதா சாகேப் பால்கே வந்தது கடைசியில். அதற்குக் கொஞ்சம் முந்திக்கொண்டு 1995இல் பிரான்ஸ் 'செவாலியே' கொடுத்தது. சென்னையில் பெரிய விழா. தமிழ்நாடே அது என்ன விருது என்று அகராதியைப் புரட்டியபோது எங்கள் ஊர் அலட்டிக்கொள்ளவில்லை. எங்களுக்குச் செவாலியே புதிதா? செவாலியே செல்லான் பெயரில் அரசுப் பள்ளிக்கூடமே இருக்கிறது.

சொல்தா தாத்தாவுக்கு அப்போது எண்பது தாண்டிவிட்டது. சித்தப்பா கையில் லட்டு டப்பாவோடு போனார். தாத்தா லட்டை எடுத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். கலை இலக்கியத்துக்கான அந்த விருதில் மூன்று படி உண்டு. மேலே கொமாந்தர், நடுவே ஒஃபீசியே, கீழே செவாலியே.

"கீழ்ப்படியா?" என்று சித்தப்பா கேட்டார்.

"பாரிஸ்ல எவன் இவன் படம் பார்த்தான்? பார்த்திருந்தா மேல்படியையே தூக்கிக் குடுத்திருப்பானுங்க."

அது பாராட்டா, குத்தலா என்று சித்தப்பாவுக்குப் புரியவில்லை. புரியாததால் கொஞ்ச நாள் அவரோடு பேசவில்லை. ஆனால் சுவரில் இருந்த தம் மெடல் சட்டத்துக்குப் பக்கத்தில் பத்திரிகையில் வந்த சிவாஜி படத்தைத் தாத்தா வெட்டி ஒட்டிவைத்தார். 2001 ஜூலை 21 அன்று சிவாஜி மறைந்தபோது தாத்தா இல்லை. அந்தப் படம் இருந்தது.

இப்போது சிலைகளின் கதைக்கு வருகிறேன். கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட இடத்தில் சொந்தச் செலவில் சிலை வைத்தவர் சிவாஜி. அவருக்கே சென்னைக் கடற்கரையில் காமராஜர் சாலையில் 2006இல் சிலை வைத்தார்கள். திறந்துவைத்தவர் 'பராசக்தி'க்கு வசனம் எழுதிய கலைஞர். சிலை வாகனங்களுக்கு மறைக்கிறது என்று வழக்கு நடந்து, 2017 ஆகஸ்டில் ராத்திரியோடு ராத்திரியாகப் பெயர்த்தெடுத்து அடையாறு மணிமண்டபத்துக்குக் கொண்டுபோனார்கள். வாழ்நாள் முழுக்க இவர் நடிப்பு ஜாஸ்தி, உடம்பு ஜாஸ்தி, குரல் ஜாஸ்தி என்று சொன்னவர்கள், சாலையிலும் இடம் ஜாஸ்தியாக எடுத்துக்கொள்கிறார் என்று முடித்தார்கள். புதுச்சேரியில் அந்தப் பிரச்சினை இல்லை. இங்கே போக்குவரத்துக்கு எதுவும் மறைப்பதில்லை; அது எதையும் பார்ப்பதும் இல்லை. அக்டோபர் 1 பிறந்தநாளுக்கு அரசு சார்பில் மாலை விழும், ரசிகர்கள் இனிப்புக் கொடுப்பார்கள், பத்து மணிக்குள் கலைந்துவிடுவார்கள்.

அதே கருவடிக்குப்பத்தில்தான், சிலையிலிருந்து அதிக தூரம் இல்லை, இடுகாட்டில் இன்னொருவர் படுத்திருக்கிறார். சங்கரதாஸ் சுவாமிகள். தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்து, உப்பளத்தில் கணக்கெழுதி, பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் படித்து, நாடகத்துக்கு வந்தவர். எமன், சனீஸ்வரன், இரணியன் என்று பயங்கர வேடங்கள். சனீஸ்வரன் வேடத்தில் இவரைப் பார்த்துப் பயந்து ஒரு பெண்ணுக்குக் கர்ப்பம் கலைந்ததாகவும், அதோடு வேடம் கட்டுவதையே விட்டுவிட்டதாகவும் சொல்வார்கள். நடிப்பை விட்டு வாத்தியார் ஆனார். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் என்று அவர் எழுதியவை இன்றும் தென்மாவட்டத் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கின்றன. ராத்திரியில் உட்கார்ந்து விடிவதற்குள் 'அபிமன்யு சுந்தரி' நாடகம் முழுவதையும் எழுதி முடித்தார் என்பதை அவர் சீடர் டி.கே. சண்முகம் பதிவு செய்திருக்கிறார். எஸ்.ஜி. கிட்டப்பா அவரிடம் பாடம் கேட்டவர். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். சிறுவர்களை வைத்து நடத்திய அந்த மாதிரிக் கம்பெனிகள் இல்லையென்றால், பிற்காலத்தில் திருச்சியில் அனாதை என்று பொய் சொல்லிச் சேர அந்தப் பையன் கணேசனுக்கு ஒரு வாசல் இருந்திருக்காது.

சுவாமிகள் இங்கே வந்தது சபையோடு, நாடகம் போட. வாதத்தில் விழுந்து பேச்சுப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஊரெல்லாம் தம் வசனத்தைப் பேசிக்கொண்டிருக்க, எழுதினவர் வாய் திறக்க முடியாமல் கம்பெனியோடு கம்பெனியாகச் சுற்றினார். 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் உயிர் போனது. கருவடிக்குப்பத்தில் அடக்கம். பாரதி குயில் பாட்டைப் பாடியதாகச் சொல்லும் குயில் தோப்பும் இதே கருவடிக்குப்பம்தான். ஒரே பேட்டையில் கவிஞரின் தோப்பு, வாத்தியாரின் சமாதி, நடிகரின் சிலை. வேறு ஊராக இருந்தால் இதற்கே ஒரு சுற்றுலாப் பேருந்து விட்டிருப்பார்கள். எங்கள் சுற்றுலாப் பயணிகள் மஞ்சள் சுவரைத் தேடி வெள்ளையர் நகரத்துக்குப் போய்விடுகிறார்கள்.

மஞ்சள் சுவரைப் பற்றிச் சொல்லாமல் இன்றைய புதுச்சேரி நடிப்பைப் பற்றிச் சொல்ல முடியாது. தூய்மா வீதியிலும் ரொமேன் ரோலான் வீதியிலும் காலை ஆறு மணிக்கே நடிப்பு ஆரம்பமாகிவிடுகிறது. கல்யாணத்துக்கு முந்தைய படம், கல்யாணத்துக்குப் பிந்தைய படம், கல்யாணமே வேண்டாம் என்று தோழிகள் சேர்ந்து எடுக்கும் படம். திரும்பி நடக்கிறார்கள், தலைமுடியைக் கோதுகிறார்கள், யாரையோ பார்த்துச் சிரிக்கிறார்கள். வசனம் கிடையாது, பின்னால் பாட்டு ஒட்டிக்கொள்ளலாம். சிவாஜி மூன்று மணி நேரம் நடித்ததை இவர்கள் முப்பது விநாடியில் முடிக்கிறார்கள். அந்த மஞ்சள் சுவர் வீட்டில் குடியிருப்பவர் மட்டும் கதவைத் திறக்க நேரம் பார்த்துக்கொண்டு உள்ளே காத்திருக்கிறார்.

இதே ரொமேன் ரோலான் வீதியில் பழைய பாத்தே சினிமாக் கூடம் ஒன்று இருக்கிறது. குமரன் வளவன் தொடங்கிய இந்தியநோஸ்த்ரம் நாடகக் குழு அதை அரங்கமாக்கி நாடகம் போட்டது. ஊரில் எல்லா நாடகக் கொட்டகையும் சினிமாக் கொட்டகை ஆனது. இந்த ஒரே ஒரு சினிமாக் கூடம் நாடகத்துக்குத் திரும்பியது. 2015 கடைசியில் பாரிஸின் தெயாத்ர் து சொலெய் நாடகக் குழுவின் அரியான் முனூஷ்கின் தம் ஆட்களோடு புதுச்சேரிக்கு வந்தார். வந்து எதைத் தேடினார்? தெருக்கூத்தை. புரிசை கண்ணப்ப சம்பந்தனிடம் கூத்துப் பயின்று, மறு வருஷம் பாரிஸில் அவர்கள் மேடையேற்றிய நாடகத்தில் நம் கூத்து இடம் பிடித்தது. நாம் அவர்கள் கொடுத்த மெடலைக் கண்ணாடி போட்டு மாட்டிவைத்தோம். அவர்கள் நம் கூத்தை எடுத்துக்கொண்டு போய் ஆடிவிட்டார்கள். வியாபாரத்தில் யாருக்கு லாபம் என்று சொல்தா தாத்தா இருந்தால் சொல்லியிருப்பார்.

அரசாங்கம் சுவாமிகளை மறந்துவிட்டது என்று குறை சொல்ல முடியாது. மத்தியப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது. இந்திரா பார்த்தசாரதி முதல் தலைவராக இருந்து வளர்த்த துறை. வருஷந்தோறும் சிறந்த படத்துக்குப் புதுச்சேரி அரசு சங்கரதாஸ் சுவாமிகள் விருது கொடுக்கிறது. ஆமாம், படத்துக்கு. முதல் தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸ்' வந்தது 1931இல். அதற்கு ஒன்பது வருஷம் முன்பே போய்ச் சேர்ந்த ஒரு நாடக ஆசிரியரின் பெயரில் சினிமாவுக்கு விருது! நாடகத்துக்கு அதே அளவில், அதே மேடையில், அவர் பெயரில் ஒரு விருது கொடுத்தால் வாங்குவதற்கு ஆள் வேண்டுமே என்று அதிகாரிகள் யோசித்திருக்கலாம். யோசனை சரிதான். வாங்க ஆள் இல்லாமல் போனதற்கு யார் காரணம் என்பது கோப்பில் வராத கேள்வி. சென்னையில் நடிகர் சங்கத் தேர்தலில் 2019இல் ஓர் அணிக்குச் சுவாமி சங்கரதாஸ் அணி என்றே பெயர். ஓட்டுக் கேட்க உதவுகிறார், விருது கொடுக்க உதவுகிறார். நாடகம் போட மட்டும் யாரும் அவரைக் கூப்பிடுவதில்லை.

கூப்பிடுகிறவர்கள் நாடகக்காரர்கள்தான். நவம்பர் 13 அன்று ஊருக்குள் வேடம் கட்டிய ஆட்கள் நடந்து வருவதைப் பார்க்கலாம். முருகன், நாரதர், ராஜா, பபூன், முகத்தில் அரிதாரம், காலில் ரப்பர் செருப்பு. ஹார்மோனியமும் மிருதங்கமும் கூட வரும். சமாதியில் மாலை போட்டு, பாடி, விழுந்து கும்பிட்டு, வேடத்தைக் கலைக்காமலே பஸ் பிடிப்பவர்களும் உண்டு. இவர்களுக்குச் செவாலியே வராது, சிலை வராது. கோயில் திருவிழா சீசனில் வேலை, மற்ற மாதங்களில் கூலி வேலை. சிவாஜி எந்த மேடையிலிருந்து ஏறி வந்தாரோ அந்த மேடையில் இன்னும் நிற்பவர்கள் இவர்கள் மட்டும்தான்.

சித்தப்பா கடைசியாக ஒரு மாலுக்குப் போய்ச் சிவாஜி படம் பார்த்தார். டிஜிட்டலில் புதுப்பித்த 'கர்ணன்' 2012இல் திரும்ப வந்து நன்றாக ஓடியதல்லவா, அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வரத் தொடங்கிய காலம். தரை டிக்கெட் கேட்டார். கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு விளங்கவில்லை. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, "எல்லாம் ஒரே உயரமா இருக்கே, எங்கிருந்துடா பார்க்கிறது?" என்றார். அவருடைய மில் 2020இல் மூடப்பட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை.

அரசாங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். விருதுப் பணத்தில் கைவைக்க வேண்டாம், சிலைக்குப் பெயிண்ட் அடிக்கிற செலவிலும் மிச்சம் பிடிக்க வேண்டாம். கம்பன் கலையரங்கத்தை மாதத்தில் ஒரே ஒரு சனிக்கிழமை மாலை வாடகை வாங்காமல் நாடகக்காரர்களுக்கும் கூத்துக்காரர்களுக்கும் திறந்துவிடுங்கள். மின்சாரக் கட்டணத்தை மட்டும் நீங்கள் கட்டுங்கள். சுவாமிகள் நினைவு நாளில் அங்கே 'வள்ளி திருமணம்' விடிய விடிய நடக்கட்டும். டிக்கெட் வைத்தாலும் வைக்காவிட்டாலும், முதல் வரிசை நாற்காலிகளை வி.ஐ.பி.க்களுக்கு ஒதுக்காமல் இருந்தால் அதுவே பெரிய உதவி.

வாசகர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கூட்டம் வராது என்று அதிகாரிகள் நிச்சயம் பதில் எழுதுவார்கள். அந்தப் பதிலைப் பொய்யாக்குவது உங்கள் வேலை.